கூட்டம் கலைஞ்ச பிறகு அந்த வீட்டுக்கு யார் போறது?

லயன்_ஏழு
9 ஆகஸ்ட் 2025, இரவு 8:52

சுத்தி வளைக்காம கேட்கிறேன். ஒரு வீட்டுல ஒருத்தர் தற்கொலை பண்ணிக்கிட்டா, மிச்சம் இருக்கிறவங்களைப் பார்த்துக்கிற பொறுப்பு யாருடையது? என் வாதம், அரசாங்கம்தான். சொந்தக்காரங்க இல்ல, தொழிற்சங்கம் இல்ல, கோயிலும் சர்ச்சும் இல்ல. சொந்தக்காரங்க வாசல்ல கால் வெச்சதும் கேட்கிற முதல் கேள்வி "ஏன்?", ரெண்டாவது "நீ என்ன சொன்ன?". நீலகிரியில பந்தலூர் பக்கம், தேயிலை எஸ்டேட் லயன்ல (தொழிலாளர் வரிசை வீடு) பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே நீளச் சுவர். அந்தப் பொம்பள அழுதாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், அழலைன்னாலும் பேச்சாகும். வெளி ஆள் வரணும். சம்பளம் வாங்குற ஆள் வரணும்.

ஓய்வு_ரைட்டர்
9 ஆகஸ்ட், இரவு 10:15

"அரசாங்கம்" என்று ஓர் ஆள் எந்த ஊரிலும் குடியிருக்கவில்லை. தாசில்தாரா, விஏஓவா, நர்ஸா, போலீஸா? பெயரைச் சொல்லுங்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்றால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயற்சி செய்து பிழைத்தவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் கடமையை அரசின் மேல் வைக்கிறது. 29ஆம் பிரிவு தற்கொலைகளைக் குறைக்கத் திட்டம் போடச் சொல்கிறது. இறந்துபோனவரின் வீட்டாரைப் பற்றித் தனியாக ஒரு வரி கிடையாது. ஜப்பான்காரர்கள் 2006ல் போட்ட சட்டத்தில் குடும்பத்துக்கான ஆதரவையும் சேர்த்தே எழுதினார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் தவறாமல் போகிற அரசு ஆள் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார்: நிலையத்திலிருந்து வரும் எஸ்ஐயும் கூட வரும் ரைட்டரும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 194ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 174. அக்கம்பக்கத்தார் இரண்டு பேருக்குக் குறையாமல் வைத்துப் பிரேத விசாரணை செய்தே ஆக வேண்டும். நர்ஸ் போகாத வீடு உண்டு, விஏஓ போகாத வீடு உண்டு, போலீஸ் போகாத வீடு கிடையாது. ஆரம்பப் புள்ளி அதுதான்.

மலைநர்ஸ்
10 ஆகஸ்ட், காலை 6:30

ரைட்டர் சார், காக்கிச் சட்டை வீட்டுக்குள்ள வந்தாலே கை நடுங்குற நேரம் அது. "வழக்கு வருமா, என்னையக் கூட்டிட்டுப் போவாங்களா"ன்னுதான் அந்தம்மா நினைக்கும். அவங்ககிட்ட இருந்து ஆறுதலா?

ஓய்வு_ரைட்டர்
10 ஆகஸ்ட், காலை 7:05

ஆறுதல் சொல்லச் சொல்லவில்லை. சொல்லவும் தெரியாது. ஒரு தாளைக் கொடுக்கச் சொல்கிறேன், ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: "நாலஞ்சு நாள் கழிச்சு ஒரு நர்ஸம்மா வரட்டுமா?" அவ்வளவுதான். போலீஸ் மணியடிக்கட்டும், பாடம் வேறு ஆள் நடத்தட்டும்.

விசாரணை செய்கிறவரே உதவி செய்கிறவராகவும் இருந்தால் இரண்டும் கெடும். பெண் வீட்டார் மறுநாளே புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் 108ஆம் பிரிவில் வழக்குப் போடச் சொல்லி மனு கொடுப்பார்கள் (தற்கொலைக்குத் தூண்டுதல், பழைய 306). நேற்று தோளைத் தட்டியவர் இன்று வாக்குமூலம் எழுத முடியாது.

தேவாலா_மழை
10 ஆகஸ்ட், காலை 9:40

எங்க பக்கம் ஒத்தையானை எந்த வளைவுல நிக்குதுன்னு பத்து நிமிஷத்துல வாட்ஸ்அப்புல வந்துடும். படம், லொகேஷன், "பைக்ல வர்றவங்க கவனம்" எல்லாம் வரும். ஒரு வீட்டுல மனுஷன் போனா அந்த வீட்டுப் பிள்ளைங்களோட வாத்தியாருக்குச் சேதி போக ஒரு வாரம் ஆகுது. யானைக்கு இருக்கிற குரூப் மனுஷனுக்கு இல்ல.

லயன்_ஏழு
10 ஆகஸ்ட், மாலை 7:20

சிரிச்சேன், ஆனா குரூப் மட்டும் வேண்டாம் சாமி. சாவுச் செய்தி குரூப்புல போனா கூடவே படமும் போகும், அப்புறம் "காரணம் என்னவாம்" போகும். 2019லயே பிரஸ் கவுன்சில் பத்திரிகைக்காரங்களுக்கு விதி போட்டுடுச்சு: முறையை விவரிக்காதே, கடிதத்தைப் போடாதே, படத்தைப் பெருசா போடாதே. வாட்ஸ்அப்புக்கு யார் விதி போடறது.

ஆறாம்வகுப்பு_பி
10 ஆகஸ்ட், இரவு 9:00

ரைட்டர் ஐயா சொல்லும் கேள்வியில் ஓர் ஓட்டை. சம்பவ நாளில் "யாராவது வரட்டுமா" என்று கேட்டால் எல்லாரும் "வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். அதைப் பதிலாக எழுதிக்கொண்டு கோப்பை மூடிவிடுவார்கள். அனுமதி இல்லாமல் பெயரைச் சுகாதாரத் துறைக்குக் கொடுப்பதும் தவறு. என்ன செய்வது?

மலைநர்ஸ்
11 ஆகஸ்ட், காலை 6:10

ரெண்டு தடவை கேட்கணும். முதல் நாள் ஒண்ணு, பதினாறு முடிஞ்சு ஒண்ணு. ரெண்டாவது தடவை கேட்கிறது போலீஸா இருக்கக் கூடாது.

யார்னு கேட்டா, அரசாங்கத்தோட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்துல வேலை பார்க்கிற பொண்ணு. 2021ல இருந்து பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை கொடுக்க வீடு வீடாப் போறாங்க. ஆதிவாசி ஊர்கள்ல ஆஷான்னு ஊர் சுகாதாரப் பணியாளர் இருக்காங்க. அவங்க வாசல்ல நின்னா லயன்ல யாரும் "எதுக்கு வந்துச்சு"ன்னு கேட்க மாட்டாங்க. மனநல ஜீப் வந்து நின்னாப் பாருங்க, பன்னிரண்டு வீட்டு ஜன்னலும் திறக்கும். பிரஷர் மிஷினோட உள்ளே போயி, பிரஷரையும் பார்த்து, மெதுவா உட்காரலாம். பிரஷர் பார்க்கிறது சாக்கும் இல்ல. துக்க வீட்டுல மொதல்ல நின்னு போறதே மாத்திரைதான். சுகர் இருக்கிற மாமியார் பத்து நாளா மாத்திரை போட்டிருக்காது, யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க.

பிஎஃப்_பார்த்தவர்
11 ஆகஸ்ட், மதியம் 1:15

நீங்க எல்லாம் மனசைப் பத்திப் பேசுறீங்க. பேசுங்க. முதல் ராத்திரி ஆஸ்பத்திரி வாசல்ல என்ன நடக்குதுன்னு யாராவது எழுதுங்க. அங்க ஆளில்லாம நிக்கிற குடும்பத்துக்கு அப்புறம் எந்த கவுன்சிலிங்கும் ஏறாது.

தேவாலா_மழை
11 ஆகஸ்ட், மதியம் 1:50

இப்பதான் ராத்திரியிலும் போஸ்ட்மார்ட்டம் பண்ணலாம்னு சட்டம் வந்துடுச்சே, நிக்க வேண்டியதில்ல.

ஓய்வு_ரைட்டர்
11 ஆகஸ்ட், மாலை 4:30

தவறு. 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று அனுமதித்தது உண்மை. அதே ஆணையில் கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேக மரணம் இவற்றை விலக்கிவிட்டார்கள். சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஆகவே மாலை ஐந்து மணிக்கு மேல் கொண்டுபோன உடல் மறுநாள் காலை வரை பிணவறையில்தான். கூடலூரோ, குன்னூர் லாலியோ, உதகையோ, குடும்பம் இரவு முழுக்க வெளியே நிற்கும். இந்த ஊர்க் குளிரைச் சொல்ல வேண்டியதில்லை.

கூடப் போகிற ஆளுக்கு, வரிசையாக:

இரண்டு பேர் போங்கள். ஒருவர் காகிதத்துக்கு, ஒருவர் மனிதருக்கு. காகிதக்காரர் இறந்தவரின் ஆதார், அடையாளம் காட்டுபவரின் ஆதார் இரண்டிலும் மூன்று மூன்று நகல் வைத்திருக்கட்டும். புகார் கொடுத்தவருக்கு எஃப்ஐஆர் நகல் இலவசமாகத் தர வேண்டும், அன்றே கேட்டு வாங்குங்கள். குற்ற எண், நிலையத்தின் பெயர், விசாரணை அதிகாரியின் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஆறு மாதம் இந்த நோட்டுதான் எல்லாம்.

மனிதருக்குப் போகிறவர் ஃபிளாஸ்க்கில் டீ, இரண்டு கம்பளி, பிஸ்கட், மொபைல் சார்ஜர் எடுத்துப் போகட்டும். உடலைச் சுற்றக் காடாத் துணியும் ஒரு வேட்டியோ சேலையோவும் கேட்பார்கள், விடிகாலையில் கடை தேடாதீர்கள். வண்டிக்குப் பேரம் பேசாதீர்கள், அரசு மருத்துவமனையிலிருந்து இலவச அமரர் ஊர்தி உண்டு, 155377.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை. அவர் வந்து பார்க்கும் வரை எதுவும் நகராது. இதை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் "ஏதோ மறைக்கிறார்கள்" என்று இரு தரப்பும் நினைத்து வாசலிலேயே சண்டை தொடங்கும்.

அடையாளம் காட்ட மனைவியையோ தாயையோ இழுக்காதீர்கள். அண்ணன் தம்பி போதும். ஆனால் அவர்களே "பார்க்கணும்" என்றால் தடுக்காதீர்கள்.

மலைநர்ஸ்
11 ஆகஸ்ட், இரவு 8:45

கடைசி வரி ரொம்ப முக்கியம். "நீ தாங்க மாட்ட"ன்னு சொல்லிப் பார்க்க விடாம பண்ணிடுறாங்க. அப்புறம் வருஷக்கணக்கா "அவர்தானான்னே தெரியல"ன்னு இருக்கும். உடம்பு பார்க்க முடியாத நிலையில இருந்தா கையை மட்டும் காட்டலாம். ஒரு கையைப் புடிச்சுட்டு வந்தாப் போதும்.

லயன்_ஏழு
12 ஆகஸ்ட், காலை 7:30

கடிதம் எழுதி வெச்சிருந்தா?

ஓய்வு_ரைட்டர்
12 ஆகஸ்ட், காலை 11:00

போலீஸ் கைப்பற்றும், அசல் திரும்ப வர நாளாகும். வீட்டாருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஊருக்கு முதலில் தெரிவதுதான் கொடுமை. கைப்பற்றும்போதே படிக்கக் கேளுங்கள், பின்னால் நகலுக்கு மனு போடலாம். போனும் அப்படித்தான். பிள்ளைகளின் படமெல்லாம் அதில்தான் இருக்கும், பூட்டிய போன் ஆறு மாதம் மூட்டையில் கிடக்கும். பழுதாக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வழக்கு முடிந்ததும் மனு கொடுத்து வாங்கலாம். தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து உள்ளுறுப்பு அறிக்கை வரும் வரை இறுதி அறிக்கை வராது, அதற்கு மாதங்கள் ஆகும். "இன்னும் ஏன் முடிக்கவில்லை" என்று வீட்டார் பயப்பட வேண்டியதில்லை.

பிஎஃப்_பார்த்தவர்
13 ஆகஸ்ட், இரவு 9:10

இப்ப என் பாடம். "தற்கொலைன்னா ஒரு பைசா கிடைக்காது"ன்னு லயன்ல ஒருத்தன் சொல்லிடுவான். அதை நம்பி இருக்கிறதையும் கேட்காம விட்ட குடும்பங்கள் எவ்வளவு.

எல்ஐசி உள்பட ஆயுள் காப்பீடு: பாலிசி தொடங்கியோ புதுப்பித்தோ 12 மாதம் தாண்டியிருந்தா முழுத் தொகையும் உண்டு. 12 மாதத்துக்குள்ள இருந்தா கட்டின பிரீமியத்துல 80 சதவீதம், சரண்டர் மதிப்பு அதைவிடக் கூட இருந்தா அது. விட்டுப்போன பாலிசியைப் புதுப்பிச்ச தேதியைப் பார்க்கணும், அங்கதான் தகராறு வரும்.

பாஸ்புக்கை எடுங்க. மே கடைசியில 436 ரூபாய் கழிஞ்சிருக்கா? அது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. எந்தக் காரணத்தால இறந்தாலும் 2 லட்சம், தற்கொலையும் அடக்கம். புதுசா சேர்ந்தவங்களுக்கு மட்டும் முதல் 30 நாள் கணக்கில்லை. 20 ரூபாய் கழிஞ்சிருந்தா அது சுரக்ஷா, அதுலயும் 2 லட்சம் கேட்கலாம்.

பிஎஃப்: சாவுக்குக் காரணம் பார்க்க மாட்டாங்க. 12 மாதம் தொடர்ந்து வேலை செஞ்சிருந்தா பிஎஃப்போட சேர்ந்த இடிஎல்ஐ காப்பீடு குறைஞ்சது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். மனைவிக்கு விதவை ஓய்வூதியம் மாதம் குறைஞ்சது 1,000. ரெண்டு பிள்ளைங்களுக்கு 25 வயசு வரை அதுல கால் பங்கு வீதம். ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாக்கூட குடும்ப ஓய்வூதியம் உண்டு.

கிராஜுவிட்டி (பணிக்கொடை): அஞ்சு வருஷம் முடியலைன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. இறந்தவருக்கு அந்த அஞ்சு வருஷக் கணக்கு கிடையாது. வருஷத்துக்கு 15 நாள் கூலி. நாள் கூலி 400, சர்வீஸ் 12 வருஷம்னா 400 × 15 × 12 = 72,000.

பிஎஃப்_பார்த்தவர்
13 ஆகஸ்ட், இரவு 9:55

திருத்தம். மேல சுரக்ஷான்னு எழுதினது தப்பு. அது விபத்துக் காப்பீடு, தற்கொலைக்குக் கிடையாது. 436 உண்டு, 20 இல்லை. கொலையா இருந்தா மட்டும் 20க்கும் உண்டு. யாரும் பேங்க்ல போயி அசிங்கப்படாதீங்க.

தேவாலா_மழை
13 ஆகஸ்ட், இரவு 10:20

இறப்புச் சான்றிதழ்ல தற்கொலைன்னு போட்டிருப்பாங்கன்னு பயந்தே வாங்காம இருக்காங்க சில பேர். பொண்ணு கல்யாணம் வரும்போது யாராவது பார்த்துட்டா?

ஓய்வு_ரைட்டர்
14 ஆகஸ்ட், காலை 8:00

போட மாட்டார்கள். 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவு: பதிவேட்டிலிருந்து தரப்படும் இறப்புச் சான்றில் காரணத்தைக் காட்டவே கூடாது. பெயர், தேதி, இடம் போன்றவைதான் இருக்கும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஆஸ்பத்திரியில் இறந்தால் ஆஸ்பத்திரியே பதியும். வீட்டிலோ காட்டிலோ என்றால் ஊராட்சிப் பகுதியில் விஏஓ. பத்துப் பிரதி எடுத்துவிடுங்கள். இது கையில் வந்த பிறகே வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் போட முடியும்.

லயன்_ஏழு
14 ஆகஸ்ட், மாலை 6:40

இது தெரியாமலே இருந்தேன். நூறு பேருக்காவது சொல்லணும்.

மலைநர்ஸ்
17 ஆகஸ்ட், மதியம் 3:00

ஞாயிற்றுக்கிழமை, மழை, கரண்ட் இல்லை. நீளமா எழுதுறேன்.

முதல் வீட்டு விசிட் அஞ்சாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவுல. அதுக்கு முன்னாடி கூட்டம், பேச முடியாது. ஒரு பொம்பள கட்டாயம் இருக்கணும். நாற்பது நிமிஷத்துக்கு மேல உட்காராதீங்க. வெறுங்கையோட போகாதீங்க. பழம் வேண்டாம், அது ஆஸ்பத்திரிக்கு. அரிசி அஞ்சு கிலோ, பருப்பு ஒரு கிலோ, டீத்தூள், சர்க்கரை, மெழுகுவத்தி. ஆகஸ்ட்ல இங்க விறகும் நனைஞ்சிருக்கும், மண்ணெண்ணெயும் இருக்காது.

கேட்கக் கூடாதது: ஏன், எப்படி, யார் மொதல்ல பார்த்தாங்க. அவங்களா சொன்னா கேட்டுக்கணும், அம்பது தடவை சொன்னாலும் கேட்டுக்கணும். "ஆறுதல் சொல்லு"ன்னு யாரும் கேட்கல. இறந்தவங்க பேரைச் சொல்லிப் பேசணும். ரெண்டு நாள்லயே ஊரே அந்தப் பேரை விட்டுடும், "அது", "அந்த விஷயம்"னு ஆகிடும். "கோழை", "புள்ளைங்களை நினைச்சுப் பார்த்தானா" மாதிரி எதுவும் வேண்டாம். "எல்லாம் விதி"யும் வேண்டாம்.

பார்க்க வேண்டியது: தூக்கம் எத்தனை மணி நேரம். சாப்பாடு. நிறுத்திப்போன மாத்திரை. கைக்குழந்தை இருந்தா தாய்ப்பால் நின்னிருக்கா. வீட்டுல குடிக்கிறவங்க கூடுதலா குடிக்கிறாங்களா.

அப்புறம் ஒரு கேள்வி, நேருக்கு நேர்: "உங்களுக்கும் போயிடணும்னு தோணுதா?" கேட்டா யோசனை வந்துடும்னு பயப்படாதீங்க, வராது. ஏற்கெனவே இருக்கிறது வெளியே வரும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் 2016ல பார்த்த கணக்கு: இயற்கையான காரணத்தால திடீர்னு ஆளை இழந்தவங்களைவிட, தற்கொலையில இழந்தவங்க தாங்களும் முயற்சி பண்ற வாய்ப்பு 65 சதவீதம் கூட. "ஆமா"ன்னு சொன்னா அன்னிக்கு ராத்திரி தனியா விடக் கூடாது. 14416 டெலிமானஸ், அரசாங்க மனநல உதவி எண், தமிழ்ல பேசலாம், ராத்திரியும் எடுப்பாங்க. மறுநாள் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், எழுதிக் கொடுத்துட்டு வந்துடக் கூடாது.

14416ல ஒரு சிக்கல். லயன் வீட்டுல இருந்து பேச முடியாது, சுவர் மேல்கூரை வரைக்கும் இருக்காது. சிக்னலும் மேட்டுல ஏறினாத்தான். அதனால பகல்ல, யாராவது கூடப் போயி, தள்ளி உட்கார்ந்துக்கிட்டு, பேச விடணும். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல தேயிலைக்காட்டுக்குள்ள யாரையும் தனியா அனுப்பாதீங்க. யானை, கரடி காரணம் பாதிதான்.

பிஎஃப்_பார்த்தவர்
17 ஆகஸ்ட், மாலை 5:20

அரிசிப் பட்டியலோட கடன் பட்டியலும் போடுங்க. பத்தாம் நாள் குழுக் கடன் வசூலுக்கு ஆள் வந்து நிக்கும். ரிசர்வ் வங்கி 2022 விதிப்படி மைக்ரோ கடனுக்குக் காலை 9க்கு முன்னாலயும் மாலை 6க்குப் பின்னாலயும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது. கடன் அட்டையில காப்பீடு பிடிச்சிருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் பிடிச்சிருப்பாங்க, யாரும் சொல்ல மாட்டாங்க. செத்தவர் தனிப் பேர்ல வாங்கின கடன்னா, அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. மனைவி கையெழுத்துப் போட்டிருந்தா வேற கதை. துக்க வீட்டுல எந்தப் புதுத் தாளிலும் கையெழுத்துப் போட விடாதீங்க.

ஆறாம்வகுப்பு_பி
18 ஆகஸ்ட், இரவு 8:30

பிள்ளைகளைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை.

"அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லிவைப்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு உண்மையைப் பள்ளி வேனில் இன்னொரு பிள்ளை சொல்லும். எனவே வீட்டார்தான் முதலில் சொல்ல வேண்டும், சின்ன வாக்கியங்களில்: "அப்பா செத்துட்டார். அவருக்கு மனசுல ரொம்ப நாளா வலி இருந்துச்சு. அவரே உயிரை விட்டுட்டார். நீ செஞ்ச எதுவும் காரணம் இல்ல." கடைசி வாக்கியத்தை விடவே கூடாது. பிள்ளைகள் அதை யோசித்துக்கொண்டேதான் இருக்கும். முறையைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம்.

பள்ளியில்: காலை வழிபாட்டில் அறிவிப்பு வேண்டாம். பிள்ளை திரும்பி வருவதற்கு முன் வகுப்பாசிரியர் மட்டும் மற்ற பிள்ளைகளிடம் "அவன்கிட்ட கேள்வி கேட்காதீங்க, கூட உட்காருங்க" என்று சொன்னால் போதும். இடத்தை மாற்ற வேண்டாம். முதல் வாரம் அரை நாள் இருந்தாலும் சரி. வீட்டுப்பாட நோட்டைத் திருத்தும்போது சிவப்பு மையில் "கவனமில்லை" என்று எழுதிவிடாதீர்கள், உண்மையிலேயே கவனம் இருக்காது.

பணத்துக்கு: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மிஷன் வாத்சல்யா (மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம்) நிதி ஆதரவுக்கு மனு. மாதம் 4,000. விதவைத் தாயுடன் இருக்கும் பிள்ளைக்கும் தகுதி உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000க்குள், மற்ற இடங்களில் 96,000க்குள் இருக்க வேண்டும்.

தேவாலா_மழை
18 ஆகஸ்ட், இரவு 9:15

வாத்தியார் எழுதினதுல "அவரே உயிரை விட்டுட்டார்" நல்லா இருக்கு. "தற்கொலை"யில "கொலை" இருக்கு பாருங்க, குற்றவாளியும் பொணமும் ஒரே ஆள். எங்க பாட்டிமார் "தவறிட்டாரு"ன்னு சொல்லுவாங்க. எல்லாச் சாவுக்கும் ஒரே சொல்லு.

ஓய்வு_ரைட்டர்
19 ஆகஸ்ட், காலை 7:45

பிரேத விசாரணைப் பஞ்சாயத்தார் அறிக்கையில் "தவறிட்டார்" என்று எழுதினால் எஸ்பி ஆபீஸிலிருந்து எங்கே தவறினார் என்று மெமோ வரும்.

லயன்_ஏழு
19 ஆகஸ்ட், மாலை 7:00

காரியம் பத்தி? துர்மரணம்னு பதினாறு வைக்காம விட்டுடறாங்க, சில இடத்துல சர்ச்ல இடம் கொடுக்கத் தயங்குறாங்க.

ஆறாம்வகுப்பு_பி
19 ஆகஸ்ட், இரவு 8:10

கத்தோலிக்கத் திருச்சபையில் 1917 சட்டத் தொகுப்பு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983 தொகுப்பில் அந்தத் தடை நீக்கப்பட்டுவிட்டது. தயங்கும் கோயில்பிள்ளைக்கு (சர்ச் ஊழியருக்கு) இதைச் சொன்னால் போதும். மற்றவர்களுக்கு: முழுக் காரியம் செய்வதைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை, குடும்பம் கேட்டால் செய்துவிடுங்கள். பதினாறு வைக்காத வீட்டில் ஊர் கலைவதற்கு என்று குறித்த நாள் இருக்காது, மூன்றாம் நாளே வீடு காலியாகிவிடும்.

பிஎஃப்_பார்த்தவர்
22 ஆகஸ்ட், இரவு 9:30

அமெரிக்காவில் பேட்டன் ரூஜ் ஊரில் ஒரு முறை வெச்சிருக்காங்க. அதே மாதிரி ஆளை இழந்தவங்களுக்கே பயிற்சி கொடுத்து, சம்பவ இடத்துக்கே அதிகாரிங்களோட அனுப்புறது. ஃப்ராங்க் கேம்ப்பெல் தொடங்கினது. "எனக்கும் நடந்துச்சு, நான் உயிரோட இருக்கேன்"னு ஒரு ஆள் நின்னாலே பாதி வேலை முடிஞ்சது. இங்க ஏன் பண்ணக் கூடாது?

மலைநர்ஸ்
23 ஆகஸ்ட், காலை 6:20

பண்ணலாம், ஆனா அன்னிக்கே வேண்டாம். அங்க வர்றவங்க யாருன்னே தெரியாது. இங்க வர்றவங்க மேல் லயன் அக்காவா இருக்கும், அவங்க கதை எல்லாருக்கும் தெரியும், "நாமளும் அந்த மாதிரி வீடு ஆயிட்டோம்"னு ஆகிடும். மூணு மாசத்துக்கு அப்புறம், பக்கத்து எஸ்டேட்ல இருந்து, அவங்க விரும்பினா. கூட்டிட்டு வர்றவங்களுக்கும் அவங்க இழப்பு நடந்து ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கணும், இல்லைன்னா ரெண்டு பேரும் சேர்ந்து மூழ்குவாங்க. ரெண்டு வருஷம்ங்கிறது என் கணக்கு, சட்டம் இல்ல.

ஒரு தற்கொலை ஆறு பேரைத் தாக்கும்னு பழைய புஸ்தகத்துல இருக்கும். 2018ல அமெரிக்காவுல பார்த்த ஆய்வுல 135 பேர்னு வந்துச்சு. 2022ல தமிழ்நாட்டுல 19,834 பேர். பெருக்கிப் பாருங்க. இதுக்கு கவுன்சிலர் எங்க இருக்காங்க. அதனால எல்லாருக்கும் நிபுணர் வேண்டாம். எல்லாருக்கும் பக்கத்து வீடு வேணும், கொஞ்சம் பேருக்கு நர்ஸ், அதுலயும் கொஞ்சம் பேருக்கு டாக்டர்.

லயன்_ஏழு
23 ஆகஸ்ட், இரவு 8:00

ரெண்டு வாரமா படிச்சிட்டு, நான் ஆரம்பத்துல எழுதினதுல பாதியை வாபஸ் வாங்கறேன். "சம்பளம் வாங்குற ஆள்" அப்படியே இருக்கட்டும். "வெளி ஆள்" மட்டும் தப்பு. டீ கொடுக்கிறது, பிள்ளையை வேன்ல ஏத்தறது, ராத்திரி துணைக்குப் படுக்கிறது எல்லாம் வெளி ஆள் வந்து செய்ய முடியாது. பக்கத்து வீட்டுக்காரங்க செய்யத் தயாராத்தான் இருக்காங்க, என்ன பேசறதுன்னு தெரியாம ஒதுங்கறாங்க. நர்ஸம்மா அவங்களுக்கும் பத்து நிமிஷம் சொல்லிட்டுப் போகணும்.

ஆறாம்வகுப்பு_பி
18 செப்டம்பர், இரவு 7:50

பழைய பதிவுக்குச் சேர்க்கை. மூன்று நாள் முன்பு தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டம் தொடங்கியிருக்கிறது. மாதம் 2,000, 18 வயது வரை. பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கு. ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டிருந்தாலோ, சிறையில் இருந்தாலோ, மாற்றுத்திறனாளியாகவோ கடும் நோயாளியாகவோ இருந்தாலோ அவர்களுக்கும். அம்மா நல்ல உடல்நிலையோடு கூட இருந்தால் இது வராது, வாத்சல்யாதான்.

பிஎஃப்_பார்த்தவர்
12 அக்டோபர், மாலை 6:15

தீபாவளிக்கு எட்டு நாள். லயன்ல போனஸ் பட்டியல் ஒட்டியாச்சு. போன வருஷக் கணக்குல 30 நாளாவது வேலை செஞ்சிருந்தா, செத்தவருக்கும் அந்த நாட்களுக்கான போனஸ் உண்டு, வாரிசுக்குக் கொடுக்கணும். பட்டியல்ல பேர் இருக்காது. ஆபீஸ்ல கேட்கணும். வீட்டுக்காரம்மாவை அனுப்பாதீங்க. போனஸ் நாள்ல வரிசையில நிக்க வைக்காதீங்க. யாராவது அதிகாரக் கடிதம் வாங்கிட்டுப் போங்க.

மலைநர்ஸ்
12 அக்டோபர், இரவு 8:30

பலகாரம் கொண்டு போகலாமான்னு கேட்பீங்க. முதல் வருஷம் அந்த வீட்டுல சுட மாட்டாங்க, மத்தவங்கதான் கொடுக்கணும். அதுதானே வழக்கம். தற்கொலை வீடுன்னா அதையும் நிறுத்திடறாங்க. கொடுங்க. நோட்டுல தேதி குறிச்சு வைங்க: தீபாவளி, பொங்கல், அவங்க கல்யாண நாள், பிள்ளை பிறந்தநாள், தலைத் திவசம். அந்த அஞ்சு நாளும் யாராவது போகணும்.

ஓய்வு_ரைட்டர்
26 அக்டோபர், காலை 10:00

போலீஸ் முதல் நாள் அந்த வீட்டில் கொடுக்க வேண்டும் என்று சொன்னேனே, அந்தத் தாளை எழுதி முடித்தேன். ஒரு பக்கம், பெரிய எழுத்து. மேலே குற்ற எண், அதிகாரி பெயருக்குக் காலி இடம். பிறகு 155377, 14416, குழந்தைகள் உதவி எண் 1098. பிறகு சான்றிதழில் காரணம் வராது, 21 நாள். பிறகு 436, 12 மாதம், பிஎஃப். பிறகு "நர்ஸ் வரட்டுமா" ஆம் / பிறகு கேளுங்கள். "வேண்டாம்" என்ற கட்டம் வைக்கவில்லை. பின்பக்கம் மலையாளத்திலும் வேண்டும் என்று தேவாலா சொன்னார், சேர்த்தாயிற்று.

தேவாலா_மழை
26 அக்டோபர், காலை 10:40

ஜெராக்ஸ் போடாதீங்க சார், ஜூன்ல கையில கொடுத்தா ஜூலையில மாவாயிடும். லேமினேட். அப்புறம் தலைப்புல "தற்கொலை"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க. அதைக் கையில பிடிச்சுக்கிட்டு பஸ்ல எப்படிப் போறது?

ஓய்வு_ரைட்டர்
26 அக்டோபர், மதியம் 12:05

எடுத்துவிட்டேன். தலைப்பு: "துக்க வீட்டாருக்கு."

மலைநர்ஸ்
26 அக்டோபர், மதியம் 12:30

லேமினேட் பண்ணினா குற்ற எண்ணை எப்படி எழுதுவாங்க? பேனா ஒட்டாது.

ஓய்வு_ரைட்டர்
26 அக்டோபர், மதியம் 12:50

பர்மனெண்ட் மார்க்கர். அதையும் ஸ்டேஷனுக்கு நாமே வாங்கிக் கொடுக்க வேண்டியதுதான்.